கட்டிலுக்கு எதிரே வைத்த திரை

பாப்பா,

இந்தக் கடிதத்தை டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் பிரிக்காதே. ஒரு லீவு நாளில், சாப்பிட்டு முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து படி. உன் ரூமில் இருக்கும் அந்தக் கேரளத்துப் பெண் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஒருநாள் விட்டு ஒருநாள் போனில் பேசுகிறவர் எதற்காக வேலை மெனக்கெட்டு எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது. உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பொய்தான் வருகிறது. ஒரு வருஷமாக அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

போன வாரம் சிக்னல் கிடைக்கும் பாறை மேட்டில் நின்று உன்னிடம் பேசினேன். நீ அழுதாய். “அந்த வீடியோ மெஷின நான் லீவுல இருக்கும்போதே வாங்கி, என் கையாலயே மாட்டிக் குடுத்துட்டு வந்திருக்கணும் நைனா. கடைசி பதிமூணு நாள் அம்மா மூஞ்சியவே பாக்கல. ஒரு வாட்டி பாத்திருந்தா, மூச்சு வாங்குறத வெச்சே சொல்லியிருப்பேன். என்னாலதான் போய்ட்டாங்க. இப்பல்லாம் பேஷண்ட்ட தொடவே கை வரல. வேலைய வுட்டுட்டு வந்துடலாம்னு பாக்கறேன்” என்றாய். “நெட்டு கட்டாவுது பாப்பா” என்று சொல்லி நான் போனை வைத்தேன். நெட் கட்டாகவில்லை. உன் குரல் தெளிவாகத்தான் கேட்டது.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா நெஞ்சுச் சளியில் சாகவில்லை. அந்த மெஷினும் கெட்டுப்போகவில்லை. நீ ஒரு தப்பும் செய்யவில்லை. நீ போனில் திட்டினாயே, மெஷினை மாட்டிக்கொடுத்த ஜமுனாமரத்தூர் அஸ்லம் பாய், அவரும் செய்யவில்லை. செய்தது நான். எப்படி என்று இனிமேல் எழுதுகிறேன். நடுவில் நிறுத்திவிடாமல் கடைசிவரை படி.

போன வருஷம் வைகாசியில் அம்மாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்து, நீ குவைத்திலிருந்து ஓடி வந்து ஒரு மாதம் இருந்தாய். அந்த ஒரு மாதமும் அவள் நல்லபடியாகத்தான் இருந்தாள். பேச்சு போய் “இன்னா” என்ற ஒரே சொல் மட்டும் அவள் வாயில் தங்கிவிட்டது. பசித்தால் இன்னா, வலித்தால் இன்னா, உன்னைக் கண்டால் சிரித்துக்கொண்டே இன்னா. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவளை எப்படிப் புரட்டுவது, முட்டிகளுக்கு நடுவில் தலையணை எப்படி வைப்பது, முதுகைத் துடைத்துத் தோல் சிவந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, எல்லாவற்றையும் நீ எனக்குக் காட்டிக்கொடுத்தாய். வேலூரில் வீடு பார்த்து, பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளையும் போடலாம் என்றாய். “என் பொண்டாட்டிய நான் பாத்துக்க மாட்டனா? இந்த மலையில கம்பம் ஏறி வூடு வூடா லைட்டு எரிய வெச்சவன் நான்” என்று உன்மேல் பாய்ந்தேன். நீ துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாய். கிளம்பும்போது, “அங்க போயி நல்லதா ஒரு வீடியோ மெஷின் அனுப்பறேன் நைனா. அம்மா கட்டிலுக்கு எதிர்ல வெச்சிடு. நான் அங்கருந்தே பாத்துகினு இருப்பேன்” என்றாய்.

ஆடி மாதம் பார்சல் வந்தது. மலைக்கு மேலே கொண்டுவர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒடுகத்தூர் வரைக்கும் போய் வாங்கி வந்தேன். சின்ன டிவி மாதிரி இருந்தது, தானே நிற்க ஒரு கால் இருந்தது. வயர்மேன் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன், ஒரு பிளக்கைச் சொருகினால் எரியப்போகிறது என்று நினைத்தேன். எரியவும் எரிந்தது. அதற்கப்புறம் அது கேட்டதெல்லாம் எனக்குத் தெரியாத பாஷை. எல்லாம் இங்கிலீஷ். வைஃபை எங்கே என்று கேட்டது. நம் வீட்டில் போனிலேயே ஒரு கோடுகூட நிற்காது, உனக்குத் தெரியும். நீ கூடவே அனுப்பியிருந்த சிம் போடும் பெட்டியை ஜன்னலில் வைத்தேன், அலமாரி மேலே வைத்தேன், கடைசியில் கூரைக்கு மேலே மூங்கில் நட்டு, பிளாஸ்டிக் கேனை வெட்டிக் கவிழ்த்து, மழை படாமல் அதற்குள்ளே வைத்து, வீட்டிலிருந்து வயர் இழுத்தேன். அந்த வேலை எனக்குத் தெரிந்த வேலை. அதை மட்டும் சரியாகச் செய்தேன்.

அடுத்தது ஓ.டி.பி. என்கிற அந்த ஆறு இலக்க நம்பர். மெஷின் கேட்கும், அது உன் போனுக்கு வரும், நீ எனக்குச் சொல்ல வேண்டும். உன் குரல் கேட்க நான் பாறை மேட்டுக்கு ஏற வேண்டும். ஏறி நின்று, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, இறங்கி ஓடிவந்து வீட்டில் அழுத்தினால், அது சிவப்பு எழுத்தில் ஏதோ சொல்லும். வியர்வையில் ஏழா ஒன்றா என்று எனக்கே தெரியாது. மூன்று நாளில் எட்டு தரம் ஏறி இறங்கினேன். “நைனா, அந்த நம்பர் ரெண்டு மூணு நிமிஷந்தான் இருக்கும், அதுக்குள்ள போட்டாத்தான் உண்டு” என்று நீ கத்தினாய். “அப்ப உன் மெஷின நீயே வந்து எத்துனு போ” என்று நானும் கத்தினேன். அதன் நடுவில் அம்மா கட்டிலிலிருந்து “இன்னா, இன்னா” என்று கேட்க, மெஷினுக்குள் இருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில் பதில் சொன்னது. அம்மா பயந்து இடது கையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அதைப் பெட்டியில் போட்டுக் கட்டி, பீரோ மேல் வைத்துவிட்டேன். உன்னிடம் சிக்னல் இல்லை என்றேன். யாரையாவது கூப்பிட்டுக் காட்டு என்றாய். கூப்பிடவில்லை. கரண்ட் வேலை செய்தவன் ஒரு டப்பாவை மாட்டத் தெரியாமல் ஊரைக் கூப்பிடுவதா என்று இருந்தது. அப்படி மூன்று வாரம் போயிற்று.

அஸ்லம் பாயை நீதான் பிடித்தாய். ஜமுனாமரத்தூரில் அவருடைய மொபைல் கடை நம்பரை யாரிடமோ வாங்கி, நீயே பேசி, என் வீட்டுக்கு அனுப்பி வைத்தாய். வாணியம்பாடிக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். சந்தை நாளுக்கு மறுநாள் கடையை மூடிவிட்டு ஷேர் ஜீப்பில் வந்து, ஜீப் நிற்கும் இடத்திலிருந்து நம் வீட்டுக்கு நடந்தே வந்தார். என் மூங்கிலைப் பார்த்து, “சார், இத நீங்க போட்டீங்களா? டவர் கம்பெனிக்காரன்கூட இப்டி போட மாட்டான்” என்றார். எனக்கு அப்போதே பாதிக் கோபம் போய்விட்டது. உன் போனுக்கு வரும் நம்பரை, கூரை மேல் இருந்த பெட்டி வழியாகவே அவர் போனுக்கு மெசேஜாக வரவைத்தார். பாறை மேட்டுக்கு ஏறவே வேண்டியிருக்கவில்லை. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கடைசியில் ஒன்று சொன்னார். “அம்மாவால பட்டன் அமுக்க முடியாதுல்ல. அதனால உங்க பொண்ணு கூப்ட்டா தானா தொறந்துக்குற மாதிரி வெச்சிருக்கேன். நீங்க வூட்ல இல்லன்னாகூட அவங்க பாத்துக்கலாம்.” நல்லதுதான் என்றேன். நல்லதுதான். ஆனால் நான் வீட்டில் இல்லாததையும் நீ பார்ப்பாய் என்று உடனே நினைத்தேன்.

உன் முகம் அதில் வந்த முதல் நாளை நீ மறந்திருக்க மாட்டாய். அம்மா இடது கையைத் தூக்கித் திரையைத் தொடப் பார்த்தாள். எட்டவில்லை. நான் கட்டிலைத் தள்ளிப் போட்டேன். அவள் உன் கன்னத்தைத் தடவினாள், ரசம் சாதம் ஒட்டிய கை பட்டுத் திரை அழுக்கானது. நீ அங்கே அழுதுகொண்டே சிரித்தாய். அந்த ஐந்து வாரம்தான் அவள் பிழைத்திருந்த நாள் என்று இப்போது தோன்றுகிறது.

பாப்பா, இனி எழுதப்போவதுதான் கஷ்டம். நீ போன பிறகு முதல் கொஞ்ச நாள் நீ சொன்னபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டினேன். அப்புறம் அது மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் ஆனது. சாமைக்குக் களை எடுக்கப் போகிறேன் என்று காலையில் போய் மதியம் கழித்து வருவேன். உன்னிடம் காட்டு வேலை என்று சொல்வேன். பாதி நாள் காட்டு வேலைதான். மீதி நாள் டீக்கடை பெஞ்சு. சும்மா உட்கார்ந்திருப்பேன். அவள் நாளெல்லாம் “இன்னா” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருத்தியைக் கல்யாணம் செய்து இத்தனை வருஷம் கழித்து, அவள் என்ன கேட்கிறாள் என்று தெரியாமல் எதிரே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நான் ஏன் வீட்டில் இல்லை என்று உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மல்லிகா, “மாமா, நீங்க வெளியில போனா சொல்லிட்டு போங்க, நான் வந்து அக்காவ பொரட்டி வுடறேன்” என்று இரண்டு மூன்று தரம் கேட்டாள். “எல்லாம் நான் பாத்துக்கறம்மா” என்றேன்.

முதலில் இடுப்புக்குக் கீழே சிவந்தது. பவுடர் போட்டேன். அப்புறம் தோல் உரிந்தது. மஞ்சள் அரைத்துப் போட்டேன். அப்புறம் நடுவில் கறுத்துக் குழி விழுந்தது. நீ சொல்லிக்கொடுத்ததில் இதுவும் இருந்தது. சிவந்தவுடனே சொல்லு என்றாய். சொல்லவில்லை. சிவந்தபோது சொல்லாததால், உரிந்தபோது சொல்ல முடியவில்லை. உரிந்தபோது சொல்லாததால், குழி விழுந்தபோது வாயே வரவில்லை. நீ கூப்பிடும் நேரம் பார்த்து ஓடிவந்து அவளை மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்துவரை போர்த்தி, முகம் மட்டும் தெரிகிற மாதிரி திரையைத் திருப்பி வைப்பேன். அந்தப் புண்மேலேயே அவளைப் படுக்கவைத்தேன் பாப்பா. அவள் முகம் சுளிப்பாள். நீ “அம்மாவுக்கு இன்னா ஆச்சு, டல்லா இருக்காங்க” என்பாய். வெயில் என்பேன்.

ஆவணி முடியும் சமயம் நீ ஒருநாள் கூப்பிடாத நேரத்தில் மதியம் திறந்து பார்த்திருக்கிறாய். நான் வீட்டில் இல்லை. சாயங்காலம் கேட்டாய். “நைனா, காலையிலயும் அம்மா இதே மாதிரிதான படுத்திருந்தாங்க? மதியமும் அப்டியே இருக்காங்க. பொரட்டினியா இல்லியா?” புரட்டித் திரும்ப அதே பக்கம் போட்டேன் என்றேன். “சரி, நாளைக்கு காலையில டியூட்டிக்கு முன்னாடி வர்றேன். அம்மா முதுக காட்டு, நான் பாக்கணும்” என்றாய். மறுநாள் காலை, நீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால், நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

அம்மா விழித்திருந்தாள். என் கையில் இருந்த வயரைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். இன்னா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் சாகும்வரை என்னிடம் அவள் அந்த ஒரு சொல்லையும் சொல்லவில்லை.

உனக்குத் தெரியாத ஒரு பழைய கதையை இங்கே சொல்ல வேண்டும். நீ மூன்றாவது படிக்கும்போது, மேலூரில் ஒருத்தர் வீட்டுக்கு லைன் கொடுத்தேன். எர்த் கம்பியைச் சரியாகப் பதிக்காமல், நாளைக்கு வந்து பார்க்கலாம் என்று வந்துவிட்டேன். அன்று பெய்த மழையில் அவர்களுடைய கறவை மாடு ஷாக் அடித்துச் செத்தது. இடி விழுந்தது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சேர்ந்து சொன்னேன். வீட்டில் வந்து அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் அடுத்த நாள் காலையில் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, தனியாக மேலூருக்கு நடந்து போய், அந்த வீட்டுக்காரம்மாவிடம், “எங்க வூட்டுக்காரர்தான் கம்பிய சரியா போடல. அவருக்கு சொல்ல வாய் வரல, அதான் நான் வந்தேன்” என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் ஒரு மாதம் அவளுடன் பேசவில்லை. அந்த வீட்டுக்காரர் மட்டும் என்னைக் கண்டால் அதற்கப்புறமும் வணக்கம் சொல்வார். அம்மா பேச முடிந்தவளாக இருந்திருந்தால், இந்தத் தடவையும் யாரிடமாவது போய்ச் சொல்லி, தன்னையே காப்பாற்றிக்கொண்டிருப்பாள். அதைச் சொல்லத்தான் அவளுக்கு வாய் இல்லாமல் போனது.

நெட் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னேன். மழைக்காலம், கரண்டும் அடிக்கடி போகும், நீ நம்பினாய். ஆறாம் நாள் அஸ்லம் பாயைத் திரும்ப அனுப்பினாய். அவர் மழையில் நனைந்து வந்து பார்த்தார். “சார், பிளக்கே மாட்டல” என்றார். இடி விழுந்தால் மெஷின் போய்விடும் என்று பிடுங்கி வைத்தேன் என்றேன். அவர் குனிந்து சொருகப் போனார். வேண்டாம் பாய் என்று கையைப் பிடித்தேன். அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அந்த அறையில் அப்போது வாடை வந்துவிட்டது. ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தேன், அதையும் மீறி வந்தது. அவர் ரொம்ப மெதுவாக, “சார், அம்மாவ ஆஸ்பத்திரிக்கு எத்துனு போலாம். நான் போயி ஜீப் சொல்றேன். இப்பவே போலாம்” என்றார். நாளைக்குப் போகிறேன் என்றேன். “பொண்ணு கிட்ட இன்னா சொல்றது?” என்று கேட்டார். “மெஷின் ரிப்பேர்னு சொல்லுங்க பாய். மத்தத நான் சொல்லிக்கறேன்” என்று கும்பிட்டேன். வயதில் பெரியவன் கும்பிட்டதும் அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். மறுநாள் நான் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

அவர் வந்துபோன நான்காம் நாள் அம்மாவுக்குக் குளிர் ஜுரம் வந்தது. உடம்பு தூக்கிப் போட்டது. மல்லிகா ஓடிவந்து போர்வையை எடுத்தவள், பார்த்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தாள். அவள்தான் ஜீப்புக்கு ஆள் அனுப்பினாள். வேலூரில் டாக்டரம்மா அம்மாவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இத எத்தன நாளா பாத்துகினு இருந்தீங்க?” என்று கேட்டார். இப்போதுதான் பார்த்தோம் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்காமல் சீட்டில் எழுதினார். படுக்கைப் புண்ணில் இருந்து ரத்தம் முழுக்க விஷம் ஏறிவிட்டது என்றார்கள். நீ அம்மாவைக் காட்டச் சொல்லிக் கெஞ்சினாய். உள்ளே போன் விடமாட்டார்கள் என்றேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் காலையில் உன் வயதில் ஒரு நர்ஸ் வந்து கட்டு மாற்றினாள். அம்மா அவள் விரலை இடது கையால் பிடித்துக்கொண்டு, ரொம்ப நாள் கழித்து, “இன்னா” என்றாள். அந்தப் பெண் கையை விடுவிக்காமல், “ஒண்ணும் இல்லம்மா, ஆயிடுச்சி, ஆயிடுச்சி” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருவேளை அது நீதான் என்று அம்மா நினைத்திருக்கலாம். கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அம்மா போன சேதி கேட்டதும் நீ, டிக்கெட் கிடைத்துவிட்டது, மறுநாள் சாயங்காலத்துக்குள் வந்துவிடுகிறேன், “ஒரே ஒரு நாள் வெய்யி நைனா” என்று அழுதாய். உடம்பு தாங்காது என்று சொல்லி, அன்று பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்தேன். வைத்திருக்கலாம். ஐஸ் பெட்டி கொண்டுவருவதாக ஆட்கள் சொன்னார்கள். நீ வந்தால் அம்மாவை நீதான் குளிப்பாட்டுவாய் என்று எனக்குத் தெரியும். முதுகைப் பார்த்துவிடுவாய் என்றுதான் அவசரப்படுத்தினேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று மல்லிகாவிடமும் சத்தியம் வாங்கினேன். நீ வந்தபோது மண் காயாமல் இருந்தது. நீ அதன்மேல் படுத்து அழுததை நான் நின்று பார்த்தேன்.

அஸ்லம் பாயை நீ போனில் திட்டியபோது அவர் பதில் பேசவில்லை என்று என்னிடம் சொன்னாய், தப்பு செய்தவன் என்ன பேசுவான் என்றாய். போன மாதம் அவர் கடைக்குப் போனேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து, “உங்க பொண்ணு என்னைத் திட்டுனது எனக்கு பெருசு இல்ல சார். அவங்க தன்னையே திட்டிக்கிறாங்க பாருங்க, அதான் தாங்கல. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீங்க கும்பிட்டதால சொல்லல. எனக்கும் தூக்கம் இல்ல” என்றார். என் பொய்யை இன்னொருத்தர் தலையிலும் ஏற்றி வைத்திருக்கிறேன். முடிந்தால் அவருக்கு ஒரு வார்த்தை பேசு. மல்லிகாவுக்கும் அந்தச் சத்தியம் இனி இல்லை என்று நேற்று சொல்லிவிட்டேன்.

அப்பன் என்ற முறையில் உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்று. வேலையை விடாதே. படுத்துக் கிடக்கிறவர்களைப் புரட்ட உன் மாதிரி கை வேண்டும். நீ பார்த்துக்கொண்ட ஒரு மாதமும் அம்மா முதுகில் ஒரு கீறல் இல்லை. முடியாதபோது முடியவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே. யாராவது ஒரு ஆள், கிழவனோ குமரனோ, எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று உன்னிடம் சொன்னால் நம்பாதே. போர்வையை நீயே எடுத்துப் பார்.

இத்துடன் ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்திருக்கிறேன். இத்தனை நாள் அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். அதில் எழுதியிருப்பது எனக்கு முழுதாகப் புரியாது, உனக்குப் புரியும். வருஷத் திதிக்கு நீ வருகிறேன் என்றாய். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, நான் செய்ய வேண்டியதைச் செய்துவிடுகிறேன். என் வீட்டில் தங்க மனம் இல்லை என்றால் மல்லிகா வீட்டில் தங்கு, அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுத உட்கார்ந்து, அந்த வரியை இரண்டு தரம் அடித்துவிட்டேன். அதை நான் கேட்கக்கூடாது. கேள்வி கேட்க வேண்டியது நீதான். எத்தனை மணி நேரம் அவளைத் தனியாக விட்டாய், புண் எத்தனை விரல் ஆழம் இருந்தது, அவள் எந்த நேரத்தில் அழுதாள், நீ அப்போது எங்கே இருந்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேள். எல்லார் முன்னாலும் கேட்க வேண்டும் என்றாலும் கேள். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன்.

உன் நைனா